இரும்புக்குள் அம்மாவைக் காணோம்

மியூசியம் வாசலில், சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர் தருகிறார்கள். வெளியே தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டுமாம். கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் மேல் நீல முத்திரை குத்தியிருக்குமே, அந்த மாதிரி. கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தேன், டை கட்டின செக்யூரிட்டி "ஒட்டும்மா, ஒட்டும்மா" என்று பின்னாலேயே வந்தார். ஒட்டினேன். அம்மா அதை மெடல் மாதிரி இடது தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே போய்விட்டாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற மயில்கழுத்துப் பட்டு, தலையில் கனகாம்பரம், புளியந்தோப்பிலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததில் கனகாம்பரம் பாதி உதிர்ந்து மீதி நூல் மட்டும் தெரிகிறது, நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றால் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். "கூட வருவேன், கூட நிக்க மாட்டேன்" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் அவள் வேறு, நான் வேறு. "சரிடி" என்றாள். அவ்வளவுதான். அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்தவ பக்கத்துல நிக்க உனக்கு இன்னாடி நோவுது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எங்கெங்கே நோகிறது என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். சுற்றிவளைக்க எனக்குப் பொறுமை கிடையாது, விஷயம் இதுதான்: இந்த மியூசியத்துக்குப் பின்னால் ஒரு சிற்பத் தோட்டம், அதில் எங்கம்மாவை உட்காரவைத்துச் செய்த சிலை இருக்கிறது, எங்கம்மா உட்கார்ந்தது துணியில்லாமல். அமலோற்பவம், ஓவியக் கல்லூரியில் மாடல். மாடல் என்றதும் நகைக்கடை விளம்பரத்தில் வருகிறவளை நினைத்துக்கொள்ளாதீர்கள். மரப்பெட்டி மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், சுற்றி உட்கார்ந்து பசங்கள் வரைவார்கள், அதற்குச் சம்பளம். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அவள் தன்னைப் பார்க்க வந்திருக்கிறாள். நான் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வந்திருக்கிறேன். மூஞ்சி தெரிகிறதா, இங்கே பார்த்துவிட்டுப் போகிறவன் நாளைக்கு எங்கள் தெருவில் பால் பாக்கெட்டோடு வருகிறவளைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வானா. கண்டுகொள்வான் என்றால் நான் அந்தத் தெருவில் இருக்கப் போவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஹாஸ்டலும் உண்டு, திங்கட்கிழமை வேன் வரும் என்று பக்கத்து வீட்டு ரோஸலின் அக்கா சொல்லியிருக்கிறது. துணியெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அம்மாவுக்கும் தெரியும். அதற்கும் "சரிடி"தான்.

முதல் ஹாலில் ஒரு சுவர் முழுக்கச் சிவப்பு. படம் இல்லை, ஆள் இல்லை, ஒரு கோடுகூட இல்லை, சிவப்பு மட்டும். அதற்கு முன்னால் நின்று ஒருத்தி கழுத்தைச் சாய்த்து "எவ்ளோ ஆழம் பாரேன்" என்கிறாள், கூட வந்தவன் "ஆமா, மெட்ரோவுக்குத் தோண்டின மாதிரி" என்கிறான், அவள் அவன் முதுகில் ஒன்று வைக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், இங்கே சிரிக்க வரவில்லை. அம்மா அந்தச் சிவப்புக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோகிறாள். மோந்து பார்க்கிறாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து சுவரை மோந்து பார்க்கிற பொம்பளையை எல்லாரும் பார்க்கிறார்கள், நான் சட்டென்று அடுத்த ரூமுக்குள் போனேன். அங்கே நாற்காலிகளை எல்லாம் தலைகீழாக உத்தரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். இருபது முப்பது இருக்கும். எங்கள் வீட்டில் நாற்காலியே ஒன்றுதான், அது தரையில் இருக்கிறது, அதில் உட்காரலாம். இதைப் பார்க்க ஜனம் ஈசிஆர் ரோட்டில் கார் போட்டுக்கொண்டு வருகிறது. சுவரில் இதற்கு ஒரு விளக்கம் ஒட்டியிருக்கிறது, வாசித்தேன், வாசித்து முடித்தபோது முன்பு புரிந்திருந்த நாற்காலியும் புரியாமல் போனது. கோபத்துக்கு ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் இங்கே எதையும் தொடக் கூடாது என்று மூலைக்கு மூலை எழுதியிருக்கிறார்கள். ஏசி வேறு. கை மயிரெல்லாம் நிற்கிறது. அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். ஒரு ஓரமாக நின்று அண்ணாந்து நாற்காலிகளைப் பார்க்கிறாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். மற்றவர்கள் நிற்கும்போது கால் மாற்றுவார்கள், பையைச் சரி செய்வார்கள், கொட்டாவி விடுவார்கள். அம்மா நின்றால் நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். அது வேலைப் பழக்கம் என்று எனக்குத் தெரியாத காலத்தில் நான் அதைத் திமிர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போன ராத்திரியில் கொசு கையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும், அடிக்க மாட்டாள். சண்டை போட்டால் அதைவிட மோசம். நான் கத்துவேன், தட்டை எறிவேன், அவள் சுவரோரம் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், நான் கத்தி முடித்துத் தொண்டை கட்டி நானே தட்டைப் பொறுக்கி வைக்கிற வரைக்கும். எதிரே ஆள் அசையாமல் இருந்தால் சண்டை போடுகிறவளுக்குத்தான் அசிங்கம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறாள் என்று நினைக்கிறேன். இல்லை, தெரியாதோ என்னவோ.

தலைமையாசிரியை ரூமிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் வந்தேன், நாற்காலி நினைக்க வைத்துவிட்டது. என்கூடப் படித்த தனுஜாவோட அண்ணன் அந்த வருஷம்தான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தான். அங்கே மாடலைப் பார்த்துக் கரியில் வரைந்ததைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான், தனுஜா அவன் போனை ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள், பன்னிரண்டாம் வகுப்பு சி பிரிவு, மதியச் சாப்பாட்டு நேரம், நான் புளிசாதத்தில் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். போன் கை மாறிக் கை மாறி கடைசியில் என்னிடம் வந்தது. "இது உங்கம்மா தானடி?" என்றாள் ஒருத்தி. சாதாரணமாகத்தான் கேட்டாள், ரேஷன் கடையில் பார்த்தேனே என்று கேட்கிற மாதிரி. மூஞ்சியை நன்றாக வரைந்திருந்தான், நாய். புருவத்துக்கு மேலே அம்மை வடு இருக்கும், அதைக்கூட விடவில்லை. வீட்டில் அம்மா என்னிடம் காலேஜில் கூட்டிப் பெருக்குகிற வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். நான் அதையும் ஸ்கூலில் ஆபீஸ் வேலை என்று மாற்றிச் சொல்லிவைத்திருந்தேன். இரண்டு பொய்யும் ஒரே நிமிஷத்தில் அப்பளம் மாதிரி உடைந்தது. அப்புறம் போனை நான் சுவரில் அடித்தேன், தனுஜா கன்னத்திலும் அடித்தேன், எதை முதலில் என்று ஞாபகமில்லை. அம்மாவை வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்து, "இந்தப் பொண்ணுங்க சொல்றது நெஜமாம்மா?" என்று கேட்டார். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை என்பாள் என்று நினைத்தேன், இல்லை என்று சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து இல்லை என்று சாதித்திருப்பேன், சாதிக்க எனக்கு வரும். அம்மா நாற்காலி நுனியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா சிஸ்டர். உக்கார்ற வேல" என்றாள். உக்கார்ற வேலை! அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, டீச்சர் வேலை, நர்ஸ் வேலை என்கிற மாதிரி. காலையில் பிரேயரில் எல்லார் முன்னாலும் தனுஜாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். நான் கேட்க மாட்டேன் என்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பரீட்சைக்கும் போகவில்லை. பர்மா பஜாரில் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன், நகத்தால் காற்றுக் குமிழைத் தள்ளித் தள்ளி, வருகிற ஒவ்வொரு போனிலும் அந்தப் படம் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டு. முட்டாள்தனம்தான். இருந்தும் பார்க்கிறேன். படிப்பை விட்டது நான், என் வாயால்தான் விட்டேன், அதை யார் மேலும் போடவில்லை. ஆனால் கோபம் இருக்கிறதே, அதற்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அது தினம் வெவ்வேறு ஆளைப் பிடிக்கிறது, ராத்திரிக்குள் சுற்றிக்கொண்டு அம்மாவிடமே வந்துவிடுகிறது.

கண்ணாடிக் கதவைத் தள்ளினால் தோட்டம். வெயில் மூஞ்சியில் அடித்தது, கடல் எங்கேயோ பக்கத்தில் இருக்கிறது, காற்றில் உப்பு, புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற குழாய் சுற்றிச் சுற்றி டக் டக் என்கிறது. சரளைக்கல் போட்ட பாதை, அதை விட்டு இறங்கக் கூடாது. நான் வேகமாக நடந்தேன். அம்மா பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், முதலில் பார்த்தால் ஏதோ செய்துவிடலாம் என்று தோன்றியது. பெரிய ஆணி ஒன்று, மனுஷன் உயரத்துக்கு. கல்லில் ஒரு மீன், மீனா செருப்பா தெரியவில்லை. அப்புறம் பாதை திரும்புகிற இடத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, வெண்கலத்தில், அவள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து, ஒரு பொட்டுத் துணியில்லாமல். மார்பு, தொடை, தொப்புள், எல்லாம், பட்டப்பகலில், பாலிஷ் போட்டு. மூஞ்சி பார்த்தேன். அம்மா. அம்மாவேதான். மூக்கு அதே மூக்கு, கீழுதடு அதே உதடு. திருப்பூர் என்று மனசுக்குள் சொன்னேன். திங்கட்கிழமை, திருப்பூர், திருப்பூர். ஒரு குடும்பம் வந்தது, ஐஸ்கிரீம் தின்கிற பிள்ளை, செல்பி குச்சி, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு அப்பா. அவர் சிலைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் இடுப்பின் மேல் கையைப் போட்டு போனைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "கைய எடுங்க." என் குரல்தான். தோட்டம் முழுக்கக் கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டார், கை அதுவாகவே எடுத்துக்கொண்டது, அப்புறம்தான் யார் சொன்னது என்று பார்த்தார். "உனக்கு இன்னாம்மா பிரச்சினை?" "தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குல்ல. படிக்கத் தெரியாதா?" "நீ இன்னா, இங்க வேல பாக்கறியா? இல்ல உங்க வூட்டுச் சிலையா?" கூட இருந்த பொம்பளை சிரித்தாள், பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. எங்கம்மா என்று சொல்லவும் வரவில்லை, எனக்கென்ன என்று சொல்லிவிட்டு நகரவும் வரவில்லை, நான் சிலைக்கும் அவருக்கும் நடுவில் போய்ச் சும்மா நின்றுகொண்டேன், கையை விரித்து, கபடியில் நிற்கிற மாதிரி. "மெண்டல்" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்படியே நின்றேன். முதுகுக்குப் பின்னால் வெண்கலம் சுடுகிறது. திரும்பிப் பார்க்கவும் பயம். அப்போது அம்மா வந்தாள். வந்து, என்னைப் பார்க்காமல், யாரோ போகிற போக்கில் போகிற மாதிரி, ஒப்பந்தத்தை ஒரு எழுத்து மீறாமல், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது நான் இல்லடி."

"மூக்கு..." என்றேன். "மூக்கு எல்லாருக்கும்தான் இருக்குது. இம்மாம் இடுப்பு எனக்கு எப்ப இருந்துச்சி? இது எவளோ பம்பாய்க்காரி. தலைக்கு முட்டுக் குடுத்துனு படுக்கற போஸு நான் ஒத்துக்கவே மாட்டேன், கை மரத்துப் பூடும்." சொல்லிவிட்டு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது, எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி ஆனது. யாரோ ஒருத்தியின் இடுப்புக்கு நான் சண்டை போட்டிருக்கிறேன். பெற்ற அம்மாவின் உடம்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, யாருக்குத் தெரியும் அதெல்லாம், தனுஜாவுக்குத் தெரியுமா அவள் அம்மா இடுப்பு? ஊரில் எத்தனை பேருக்கோ தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது, பென்சில் பிடித்த பயல் அத்தனை பேருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. கல்லை உதைத்தேன். செருப்புக்குள் போய்க் குத்தியது. அம்மா அதற்குள் முன்னால் போய்விட்டாள், பாதையின் கடைசியில் ஒரு கும்பல், நடுவில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அக்கா, சௌந்தர்யா என்று அட்டையில் போட்டிருக்கிறது, சுற்றிக்காட்டுகிற வேலை. அம்மா கும்பல் ஓரமாக நின்று, கையைத் தூக்கி, வகுப்பில் பிள்ளை கேட்கிற மாதிரி, "ஞானதுரை சார் செஞ்ச சிலை எதும்மா?" என்று கேட்கிறாள். அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் குரல் மாறும். வீட்டிலும் மாறும், வீட்டில் அவர் மாஸ்டர். "மாஸ்டர் சொன்னாருடி, அமலா, நீ நான்லாம் பூடுவோம், இது இருக்கும், உன் பேரப்புள்ள வந்து பாக்கும்னு." ஒரு மழைக்காலம் முழுக்க அவர் ஷெட்டில் போய் உட்கார்ந்தாள், ஜுரத்தோடுகூட ஒரு நாள், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் மாஸ்டர் பேசுவது கேட்காதாம், கையால் காட்டுவாராம், தோளை இறக்கு, தாடையைத் தூக்கு. சௌந்தர்யா அக்கா நல்ல மாதிரியாகத்தான் சிரித்தது. "நீங்க அதுக்கு முன்னாலதான் நிக்கறீங்கம்மா." அம்மா திரும்பினாள். நானும் பார்த்தேன்.

இரும்பு. துருப்பிடித்த இரும்புப் பலகை மூன்று. ஒன்று நிற்கிறது, ஒன்று அதன் மேல் சாய்ந்திருக்கிறது, ஒன்று தரையில் மடங்கிக் கிடக்கிறது. லாரி மோதின ஷட்டர் மாதிரி. தலை இல்லை, கை இல்லை, கால் இல்லை, அம்மை வடு இல்லை. எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. சத்தியமாகச் சிரிப்புதான், வயிற்றிலிருந்து குமிழியிட்டுக்கொண்டு. தப்பித்தேன். தனுஜா ஸ்கூலையே பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு வரட்டும், அவள் அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடட்டும், ஒரு மயிரும் தெரியாது. திருப்பூர் வேனில் ஏற வேண்டாம், துணியைத் திரும்ப மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடலாம். நான் இத்தனை மாசம் ராத்திரி ராத்திரி ஜெபம் பண்ணினேனே, யாருக்கும் அவள் தெரியக் கூடாது மாதாவே என்று, மாதா செய்துவிட்டாள், இரும்பால் செய்துவிட்டாள். சௌந்தர்யா அக்கா கும்பலுக்கு விளக்குகிறது: "உட்கார்ந்திருக்கற ஒரு பெண்ணோட உருவத்துலேர்ந்துதான் அவர் ஆரம்பிச்சாரு. முதல்ல களிமண்ல முழு உருவம். அப்புறம் தினமும் ஒண்ணொண்ணா எடுத்துட்டே வந்தாரு. முகத்த எடுத்தாரு, கைகள எடுத்தாரு. எடுக்க எடுக்க, கடைசியில எது மிஞ்சுதோ அதுதான் இது. வெறும் அமர்தல்." கும்பல் ம்ம் என்றது. எனக்குச் சிரிப்பு நின்ற இடம் அதுதான். எடுத்தாரு. எடுத்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்? முகத்தை எடுத்தாராம். எங்கம்மா ஜுரத்தோடு போய் உட்கார்ந்து தூக்கிப் பிடித்த தாடை அது. ஷட்டர் செய்வதற்கு ஆள் எதற்கு? மூன்று பலகையைச் சாய்த்துவைக்க ஒரு பொம்பளை மழைக்காலம் முழுக்க முட்டியை மடக்கிக் கிடக்க வேண்டுமா, இரும்புக் கடையில் கேட்டால் சாய்த்துவைத்துக் காட்ட மாட்டானா? இதற்கா நான் ஸ்கூலை விட்டேன். தெரியக் கூடாது என்றுதான் கேட்டேன், ஆமாம், நான்தான் கேட்டேன், இப்படியா கேட்டேன், மாதாவே? கொஞ்சம் மறைத்துக் கொடு என்றால் ஆளையே துடைத்துக் கையில் கொடுக்கிறாயா? அம்மா இரும்பைச் சுற்றி நடக்கிறாள். ஒரு சுற்று. எதிர்த் திசையில் ஒரு சுற்று. நடுவில் நின்று குனிந்து, இரண்டு பலகைக்கு இடையில் இருக்கிற சந்து வழியாக உள்ளே பார்க்கிறாள், பீரோவுக்குப் பின்னால் விழுந்த காதுத் தோட்டைத் தேடுகிற மாதிரி. அதைப் பார்க்க முடியவில்லை என்னால்.

கும்பல் அடுத்த சிலைக்கு நகர்ந்தது. அம்மா தரையில் பதித்திருந்த தகட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். நான் தகட்டுக்கு இந்தப் பக்கம். முன்பின் தெரியாத இரண்டு பேர் மாதிரி நிற்கிறோம். "கொஞ்சம் படிச்சிச் சொல்றியாம்மா? கண்ணாடி எடுத்தாரல" என்றாள், கேட்கிறவர்களுக்காக, யாரோ ஒரு பெண்ணிடம் கேட்கிற மரியாதையில். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. படித்தேன். "அமர்வு. எஸ். ஞானதுரை. இரும்பு." "அப்புறம்?" "ஒரு அறக்கட்டளை பேரு போட்ருக்கு. அவங்க குடுத்ததாம்." "அதுக்குக் கீழ?" "ஒண்ணும் இல்ல." "வேற பேரு எதுனா..." "இல்ல." "சின்ன எழுத்துல?" "இல்லம்மா. இல்ல. எதுவும் இல்ல." ம் என்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். இதற்காவது, இந்த ஒரு தடவையாவது திட்டு, ஒரு கெட்ட வார்த்தை, புளியந்தோப்புக் குழாயடியில் நீ கேட்காத வார்த்தையா, ஒன்றை எடுத்து இந்த இரும்பு மேல் எறி, நான் கூடச் சேர்ந்துகொள்கிறேன், எனக்கு நிறையத் தெரியும். அம்மா செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லில் இறங்கினாள், இறங்கக் கூடாத புல்லில், இரும்புக்கு ஒரு கை தூரத்தில் போய், கையை ஊன்றி, முட்டி மடங்க மறுத்தது, இன்னொரு தடவை ஊன்றி, உட்கார்ந்தாள். ஒரு காலை மடித்தாள். இன்னொன்றைக் குத்துக்காலிட்டாள். இடது தோளை இறக்கினாள். தாடையைத் தூக்கினாள். கண் எங்கேயோ வெயிலில் ஒரு இடத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், போய்விட்டாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. நான் இரும்பைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், இரும்பைப் பார்த்தேன். சாய்ந்த பலகை அந்தத் தோளா? மடங்கின பலகை இந்தக் காலா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை, தெரிகிற மாதிரி சொல்ல மாட்டேன்.

விசில். செக்யூரிட்டி ஓடிவருகிறார், இவர் வேறு ஆள், வயசானவர், தொப்பி கையில். "அம்மா, யம்மா, எழுந்திரும்மா, புல்லுல உக்காரக் கூடாது, சிலை கிட்டக்க போவக் கூடாது." அம்மா அசையவில்லை. "காது கேக்கலயா? உடம்பு சரியில்லயா?" அசையவில்லை. ஜனம் சேர்ந்தது. ஐஸ்கிரீம் பிள்ளை முதலில் வந்தது, அப்புறம் அந்தக் கூலிங்கிளாஸ், அப்புறம் போன்கள், ஒன்று, இரண்டு, கையெல்லாம் மேலே. "இதுவும் ஷோவா?" "பர்ஃபார்மன்ஸ் போல." "இல்லப்பா, மயக்கம் வந்துச்சி போல." "பட்டுப்புடவ கட்டினு மயக்கமா?" போய்விடலாம். கண்ணாடிக் கதவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால் யாருக்குத் தெரியும், அவள் வேறு நான் வேறு என்று அவளே சரி சொல்லியிருக்கிறாள். இந்தப் போன்கள் எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும், போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கை இது. தெருவுக்குப் போகும். தனுஜாவுக்குப் போகும். இந்தத் தடவை மூஞ்சியோடு, பேச்சோடு, அசைந்தால் அசைவோடு. செக்யூரிட்டி குனிந்து அம்மா காதருகில், "யார் கூடம்மா வந்தே? கூட ஆளு இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா உதடு மட்டும், அதுவும் அசைந்ததா என்று சொல்ல முடியாத அளவுக்கு அசைந்தது. கண் அந்த வெயிலை விட்டு வரவில்லை. "தனியாத்தாம்ப்பா வந்தேன்" என்றாள்.

பொய். பச்சைப் பொய். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தவள் யார், முறுக்கு வாங்கி மடியில் போட்டவள் யார்? ஒப்பந்தம் போட்டது நான், அதை உடைக்க வேண்டியவள் நீ, அதோ நிக்கறாளே அவதான் எம்பொண்ணு என்று கையைக் காட்டு, காட்டினால் நான் உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன், காட்டித் தொலை. காட்ட மாட்டாள். எலும்பு முறிந்தாலும் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பாள், நான் எழுந்திரு என்று சொல்கிற வரைக்கும் நான் சொன்ன இடத்திலேயே இருப்பாள். தனியா வந்தாளாம். எனக்கு அப்போது வந்த கோபம் இதற்கு முன்னால் வந்ததில்லை, போனை உடைத்தபோதுகூட வந்ததில்லை. "தனியா வரல" என்று கத்தினேன். எல்லா போனும் என் பக்கம் திரும்பியது. திரும்பட்டும். புல்லில் இறங்கினேன். "தனியா எங்க வந்தாங்க, நான்தான் கூட்டினு வந்தேன். எங்கம்மா. அமலோற்பவம். நான் அவங்க பொண்ணு, சகாயமேரி. இந்தச் சிலைக்கு உக்காந்தது அவங்கதான்." குரல் நடுவில் உடைந்து கீச்சென்று வந்தது, கேவலமாக இருந்தது, பரவாயில்லை. கூலிங்கிளாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க கம்முனு இருங்க சார்." செக்யூரிட்டி என்னையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா? இதுல ஆளே இல்லியேம்மா." "அதத்தான் நானும் சொல்றேன்!" "சரி, சரி, அம்மாவ எழுந்துக்கச் சொல்லு, மேனேஜர் பாத்தா என்னையத்தான் கேப்பாரு." "சொல்ல மாட்டேன்." "இன்னாம்மா இது..." அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன், போன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருக்கும் எதுவும் தெரியாதபடி. அவள் கழுத்தில் வேர்வை இறங்குகிறது. குத்துக்காலிட்ட முட்டி லேசாக நடுங்குகிறது, துணிக்கு உள்ளே, பக்கத்தில் நின்றால்தான் தெரியும். "வலிக்குதாம்மா?" என்றேன். அம்மா உதட்டை அசைக்காமல், பல்லுக்குள்ளிருந்து, எனக்கு மட்டும்: "வெளிச்சத்த மறைக்கிற. தள்ளு."

தள்ளினேன். ஒரு பக்கமாக, புல்லில், அவளுக்குப் பக்கத்தில். வெயில் அவள் மூஞ்சியில் முழுசாக விழுந்தது, மூக்கில், வடுவில், இறக்கின தோளில். தண்ணீர்க் குழாய் டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "எம்மா நேரம் இப்டியே உக்காருவாங்க?" என்று என்னிடம் கேட்டார், குரலைத் தணித்துக்கொண்டு.

"தெரியாதுண்ணே" என்றேன். "எங்கம்மா வேல பாத்து நான் பாத்ததில்ல."